வெள்ளாற்றங்கரையில் கண்டல் நாற்றுகள்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் கழிமுகத்திற்குப் போகும்போதெல்லாம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தை ஒட்டிய கரையில் நிற்கும் கண்டல் மரங்களைத்தான், அதாவது அலையாத்தி மரங்களைத்தான், முதலில் பார்ப்பேன். அவை தாமாக எழுந்த காடு அல்ல. ஆய்வாளர்கள் நட்டு வளர்த்தவை. சேற்றில் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை என்னும் கண்டல் வகையின் வேர்களுக்கு இடையே, கடல் ஏறும்போது உள்ளே வரும் ஓதநீர் நுழையும்போது அதன் வேகம் தணிகிறது. வேகம் தணிந்த நீர் தான் சுமந்து வந்த வண்டலை அங்கேயே விட்டுச் செல்கிறது. வெண்கண்டலோ மண்ணுக்குள் படுக்கையாக வேரோட்டி, மூச்சுவேர்களை மேலே நீட்டிச் சேற்றைப் பின்னிப் பிடித்துக்கொள்கிறது.

மரமில்லாத கரையில் ஓதம் வடியும்போதும் மழைக்கால வெள்ளம் இறங்கும்போதும் அடிமண் அரிக்கப்படுகிறது. அடி போனபின் மேற்கரை தன் பாரத்தாலேயே இடிந்து விழுகிறது. இதைத் தடுக்கும் ஆவலில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுகைப் பணியில் நானும் சேர்ந்துகொண்டேன். நீர் வடிந்திருந்த வேளையில், நடுவதற்கு எளிதாக இருந்த தாழ்ந்த சேற்றிலேயே சுரபுன்னைக் காய்களை வரிசையாக ஊன்றினோம். ஓதம் ஏறியபின் அவை நெடுநேரம் நீருக்கடியிலேயே கிடந்தன. அடுத்த மழைக்காலத்திற்குள் ஒன்றுகூட எஞ்சவில்லை. அந்த இழப்பு இன்றும் என்னை வருத்துகிறது.

கண்டல் வளர்வது பெரும்பாலும் சராசரிக் கடல்மட்டத்திற்கும் உயர் ஓதமட்டத்திற்கும் இடைப்பட்ட நிலத்தில்தான். கரை செங்குத்தாக அறுந்திருந்தால் அந்த நிலமே அங்கு இராது. முதலில் சரிவு உருவாக வேண்டும், அதில் வண்டல் தங்க வேண்டும். நீர்மட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அருகிலுள்ள பிச்சாவரம் கண்டல் காடே சான்று. முற்காலத்தில் பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டியதால், வெயில் பட்ட சேற்றுநிலம் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. அதில் தேங்கிய ஓதநீர் வற்றி உப்பு மிகுந்ததால் புதிய கன்று எதுவும் பிழைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்து திரும்ப வழி செய்து நட்டபின்புதான் அங்கே வெண்கண்டல் தழைத்தது. அந்த வாய்க்கால்களில் படியும் மண்ணை அவ்வப்போது தூர்வாரவும் வேண்டும். நட்டவர்கள் பலர் மறந்துவிடும் வேலை அதுதான்.

இம்முறை நாங்கள் நாற்று எதையும் வாங்கவில்லை. கரையோரம் மூங்கில் கழிகளை நட்டு, அமாவாசை ஓதமும் பௌர்ணமி ஓதமும் எதுவரை ஏறுகின்றன என்று குறித்து வருகிறோம்.