24 ஆரமும் நாலு மூலையும்

ஆகஸ்ட் 9, 2025, சனி

பாப்பாவுக்கு ஸ்கூலில் தேசியக்கொடி வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். காவியும் பச்சையும் ஐந்து நிமிட வேலை. சக்கரம்தான் உயிரை வாங்கியது. என் வளையலை வைத்து வட்டம் போட்டுவிட்டாள். ஆரங்களை எண்ணினால் 19. அழித்துவிட்டுப் போட்டால் 27. பேப்பர் கிழிகிற நிலைக்கு வந்தபோது என் அப்பா நியூஸ்பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "மொதல்ல ஒரு பிளஸ் போடு கண்ணு. நாலு ஆச்சா? இப்ப ஒவ்வொரு கால்வாசிக்குள்ளயும் அஞ்சஞ்சு கோடு." சரியாக 24. இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாத சூத்திரம் இது.

ஆகஸ்ட் 13, புதன்

மூணாவது மாடி கொரியப் பையன் விளையாட வந்தான். அவன் அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலையில் வேலை. பாதி இங்கிலீஷ், பாதி நம்ம தெருத் தமிழ் பேசுவான். பாப்பாவின் படத்தைப் பார்த்ததும் அவனும் தன் கொடியை வரைய உட்கார்ந்தான்.

வெள்ளைத்தாளை வெள்ளையாகவே விட்டதில் பாப்பாவுக்கு ஆத்திரம். "கலரே அடிக்கல, சீட்டிங்!" நடுவில் மேலே சிவப்பும் கீழே நீலமுமாகச் சுழலும் வட்டம். மூலைகளில் கறுப்புக் கோடுகள், சில முழுசாக, சில நடுவில் உடைந்து. இடது மேல் மூலையில் 3 துண்டு, அதன் கீழே 4, வலது மேலே 5, கீழே 6. பையன் நாலையும் அஞ்சையும் மாற்றிப் போட்டுவிட்டான். கூப்பிட வந்த அவன் அம்மா பார்த்துச் சிரித்துவிட்டார். பெரியவர்களே குழம்புகிற இடமாம்.

அப்புறம்தான் சண்டை. பதினஞ்சாம் தேதி தங்கள் ஊரிலும் லீவு என்றான் அவன். "அது எங்க சுதந்திர தினம், நீ சொல்லக் கூடாது!" பாப்பா விடவில்லை. அவர்களுக்கும் அதே நாள்தான் என்று அவன் அம்மா விளக்கினார். 1945-இல் ஜப்பான் பிடியிலிருந்து விடுபட்ட நாள். குவாங்போக்ஜோல், அதாவது ஒளி திரும்பிய நாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தூங்கும்போது கேட்டாள்: "எப்படிம்மா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்?"

தற்செயல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அப்படி இல்லையே. 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. அந்த இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை வகித்தவர் மவுண்ட்பேட்டன். பிறகு இங்கே வைஸ்ராயாக வந்து, நமக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தபோது, சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்று அதே தேதியைச் சொல்லிவிட்டார். ஆறு வயசுக்கு ஏற்றபடி சுருக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவங்கதான் ஃபர்ஸ்ட்டா?" என்று வருத்தமாகத் திரும்பிப் படுத்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அபார்ட்மென்ட்டில் கொடியேற்றம். செயலாளர் கயிற்றை இழுத்தார், முடிச்சு அவிழவில்லை. மறுபடி இழுத்தார். கொடி பொட்டலமாகவே உச்சியில் நின்றது. கீழே இறக்கி, வாட்ச்மேன் அண்ணன் பல்லால் முடிச்சைத் தளர்த்தி மறுபடி ஏற்றியபோது பூவெல்லாம் தரையில் கிடந்தது. பையன் சட்டையில் பச்சை மேலே இருக்கும்படி கொடியைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். பாப்பா ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் குத்திவிட்டாள்.

சாயங்காலம் படிக்கட்டிலும் பார்க்கிங்கிலும் கிடந்த காகிதக் கொடிகளைப் பொறுக்கி வந்தாள். 11. அழுக்கானதைத் தரையில் போடக் கூடாது, தனியிடத்தில் மரியாதையாக எரிப்பதுதான் முறை என்றார் அப்பா. "கொடியை எரிக்கலாமா தாத்தா?" என்று கண்ணில் தண்ணி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று ஒரு குழந்தையிடம் எப்படி வாதாடுவது? இப்போதைக்கு 11-ம் பிஸ்கட் டப்பாவில்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோட்டை மியூசியம் போனோம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் இன்றைக்குத் தள்ளிப்போட்டது. 1947-இல் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடி அங்கே இருக்கிறது. 12 அடிக்கு 8 அடி. எங்கள் ஹால் சுவரே மறைந்துவிடும். பாப்பா ஆரங்களை எண்ணத் தொடங்கினாள். பின்னால் கூட்டம் தள்ளியதில் 17-உடன் நின்றது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மூணாவது மாடிக்கு எள்ளுக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினேன். பத்து நிமிடத்தில் அந்த அம்மா காலித் தட்டோடு ஏறி வந்தார். பிட்டுப் பார்த்த பாதிக் கொழுக்கட்டை கையில் இருந்தது. அறுவடைப் பண்டிகைக்கு அவர்கள் செய்யும் சோங்பியோனும் இதேதானாம். அரிசிமாவு, உள்ளே எள்ளு, ஆவியில் வேகவைப்பது. என் சொப்பைவிட அவர்களுடையது மெல்லிசாக இருக்கும் என்று கை காட்டினார். இருக்கட்டும், பார்ப்போம்.

அக்டோபர் 6, திங்கள்

அவர்களுக்குச் சூசொக், அந்த அறுவடைப் பண்டிகை. முந்தாநாளே வந்து இட்லிப்பானை கேட்டு வாங்கிப் போனார். அடியில் பைன் ஊசியிலை பரப்பி வேகவைக்க வேண்டுமாம். இங்கே அதற்கு எங்கே போவது, வாழையிலையில் வைத்துவிட்டார். பிறை வடிவில் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று தட்டு நிறைய வந்தது. பாப்பா எண்ணினாள், 18. மூலைக்கோடுகள் எல்லாம் கூட்டினாலும் 18தான் என்று கண்டுபிடித்துச் சொல்ல மூணாவது மாடிக்கு ஓடினாள்.

சொப்பு மெல்லிசுதான், ஒத்துக்கொள்கிறேன். இட்லிப்பானை இன்னும் திரும்பி வரவில்லை.