பார்வைகளும் சதுர அடிகளும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிறுதொழில்களுக்கு டிஜிட்டல் சந்தைப்படுத்தலும் மக்கள் தொடர்பும் செய்துகொடுப்பது என் பணி. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறை, விடுதியாக மாறிய பழைய வளவு வீடு (நடுமுற்றம் வைத்த செட்டிநாட்டு வீடு), வெளியூருக்குப் பலகாரம் அனுப்பும் ஆச்சிமார், கண்டாங்கிச் சேலை நெய்பவர்கள் என்று பலருக்கும் மாத இறுதியில் ஓர் அறிக்கை அனுப்புகிறோம். விளம்பரம் எழுதுவதையும் படம் எடுப்பதையும் விட, அந்த அறிக்கையில் எந்த எண்ணை வைப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுப்பதே இந்தப் பணியில் மிகக் கடினமானது என்று நான் கருதுகிறேன். நான் பின்பற்றும் சோதனை ஒன்றுதான்: இந்த எண் ஏறினாலோ இறங்கினாலோ, தொழில் நடத்துபவர் அடுத்த மாதம் எதையாவது மாற்றிச் செய்வாரா? செய்யமாட்டார் என்றால் அந்த எண்ணுக்கு அறிக்கையில் இடமில்லை.

ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிய பின் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, சிமெண்டுக் கலவையால் நிரப்பித் தட்டி, பிறகு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுக்கிறார்கள். சூளைக்கு வேலையே இல்லை. வண்ணம் ஊற்றும் கையின் அசைவும், கண்ணாடியிலிருந்து கல் பிரிந்து பளபளப்பாக வெளிவரும் கணமும் படக்கருவிக்காகவே அமைந்தவை போலிருக்கும். ஆகவே அந்த வேலையைக் காட்டும் ரீல்ஸ் எதுவும் எளிதில் பரவுகிறது, பார்வைகள் குவிகின்றன, மொழி தெரியாத நாட்டிலிருந்தெல்லாம் இதயக்குறிகள் வந்து விழுகின்றன.

அந்தப் பார்வைகளால் பட்டறைக்கு என்ன ஆகிறது என்று கேட்டால் விடை அவ்வளவு உற்சாகமாக இராது. கல் ஒவ்வொன்றும் கையால் வார்க்கப்படுவதால், ஒரு நாளில் இத்தனைதான் என்ற வரம்பு உண்டு. விளம்பரம் பத்து மடங்கானாலும் தொழிலாளியின் கை பத்து மடங்காகாது. கல் கனமானது, தூரம் கூடக்கூட லாரி வாடகையும் உடைசலும் விலையைத் தின்றுவிடும். வாங்குபவர் யார் என்றால், வீடு கட்டுகிறவர், அல்லது அவருக்காகத் தேர்ந்தெடுக்கும் கட்டடக் கலைஞர். ரசித்துப் பார்த்த கூட்டத்தில் இவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். எனவே பட்டறைக்கான அறிக்கையில் பார்வைகளுக்குப் பதிலாக வேறு வரிசையை வைத்தோம்: தரையின் பரப்பளவைச் சொல்லி விசாரித்தவர்கள், அவர்களில் மாதிரிக் கல் கேட்டவர்கள், மாதிரி போன பின் விலைப்பட்டியல் கேட்டவர்கள், இறுதியில் ஆர்டரான சதுர அடி. ‘அழகு, விலை என்ன?’ என்று மட்டும் கேட்பவரையும், ‘கூடம் இத்தனை சதுர அடி, வேலை சித்திரையில் முடிகிறது’ என்று எழுதுபவரையும் ஒரே விசாரணையாக எண்ணுவது பட்டறைக்காரரின் நேரத்துக்கே செய்யும் தீங்கு.

இங்கே காலம் என்ற சிக்கலும் இருக்கிறது. இதைப் பற்றி எங்கள் துறையில் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். வீடு கட்டும்போது தரைக்கல் கடைசிக் கட்டத்தில்தான் பதிக்கப்படும். ஒருவர் ஒரு படத்தைப் பார்த்து மனத்தில் குறித்துக்கொண்ட நாளுக்கும் கல் கேட்டு முன்பணம் அனுப்பும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கும் மேலே, இடைவெளி இருக்கும். கூகுள் விளம்பரத்தில் ஒரு கிளிக்கின் பலனைத் தேட இயல்பாக வைத்திருக்கும் காலம் 30 நாள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் கிளிக்குக்கு 7 நாள், வெறும் பார்வைக்கு 1 நாள். இணையத்தில் செருப்பு வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தலாம். வீடு கட்டுகிறவருக்கு எப்படிப் பொருந்தும்? விளம்பரக் கணக்கைத் தொகுத்துக் காட்டும் டேஷ்போர்டில் ‘பலன் பூஜ்யம்’ என்று காட்டிய விளம்பரம் ஒன்றைப் பார்த்துத்தான் தாம் முதலில் கேள்விப்பட்டதாக, பல மாதம் கழித்து ஆர்டர் தரும் வாடிக்கையாளர் சொல்வது எங்களுக்குப் பழகிய செய்தி.

இந்தப் பொறுமை செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் செட்டிநாட்டார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், கடையை நடத்த அனுப்பப்பட்ட ஆட்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் போனார்கள். தவணை முடியும்போதுதான் அவர்களுடைய பணியின் முழுக் கணக்கும் பார்க்கப்பட்டது. அன்றாட வரவு செலவு குறிப்பில் ஏறி, பேரேட்டுக்குப் போய், இறுதி இருப்பு நிலையைக் காட்டும் ஐந்தொகையில் வந்து நிற்கும். குறிப்பில் எத்தனை வரிகள் எழுதினார் என்பதைக் கொண்டு யாரும் ஆளை மதிப்பிட்டதில்லை. இன்று லைக்குகளையும் இம்ப்ரெஷன்களையும் (விளம்பரம் திரையில் தோன்றிய தடவைகள்) அடுக்கித் தரும் மாத அறிக்கை குறிப்பேட்டை மட்டும் காட்டிவிட்டு ஐந்தொகையை மறைப்பதாகவே எனக்குப் படுகிறது. தினக்குறிப்பு தேவைதான், ஆனால் முதலாளி கேட்பது ஐந்தொகை.

எண்களுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளாமல் அவற்றை ஒருவரிடம் கொடுக்கக் கூடாது. ஒரு விளம்பரப் படத்தின் பாதிப் பரப்பு தொடர்ந்து ஒரு விநாடி திரையில் தெரிந்தாலே அதைப் ‘பார்க்கத்தக்க’ இம்ப்ரெஷனாக எண்ணுவது துறையின் பொது அளவுகோல். இணையதள வருகைகளை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பில், ஒருவர் இணையதளத்தில் 10 விநாடிக்கு மேல் இருந்தாலே அது ‘ஈடுபாடுள்ள வருகை’ என்று கணக்காகிவிடுகிறது. 2016-இல் ஃபேஸ்புக் நிறுவனமே, காணொளிகளின் சராசரிப் பார்வை நேரத்தைத் தான் மிகைப்படுத்திக் காட்டி வந்ததாக ஒப்புக்கொண்டது: 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்ததே காரணம். 2021-இல் ஆப்பிள் நிறுவனம் தன் மின்னஞ்சல் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தபோது, அஞ்சலில் உள்ள படங்கள் முன்கூட்டியே இறக்கப்பட்டன. அதனால் யாரும் படிக்காத மடலும் ‘திறக்கப்பட்டது’ என்று பதிவாகத் தொடங்கியது. இவற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அளவுகோல் எதை அளக்கிறது என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதுதான் பிழை.

மக்கள் தொடர்பில் நிலைமை இன்னும் பழையது. பத்திரிகையில் வந்த செய்தியின் நீள அகலத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று கணக்கிட்டு, ‘இத்தனை லட்சம் ரூபாய் மதிப்புள்ள விளம்பரம் இலவசமாகக் கிடைத்தது’ என்று சொல்லும் வழக்கம் பல்லாண்டுகளாக உண்டு. 2010-இல் பார்சிலோனாவில் கூடிய இத்துறை அமைப்புகள், அந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று வெளிப்படையாக அறிவித்தன. வெளியான செய்திகளின் எண்ணிக்கையைவிட அவற்றால் விளைந்த மாற்றத்தை அளப்பதே மேல் என்றும் கூறின. பார்சிலோனாக் கோட்பாடுகள் என்று பெயர் பெற்ற அவை பின்னர் 2015-இலும் 2020-இலும் திருத்தப்பட்டன. ஆயினும் அந்தப் பழைய கணக்கு இன்றும் நம் ஊர்ப்பக்க அறிக்கைகளில் தலைகாட்டுகிறது. ரூபாயில் இருப்பதால் அது உண்மையைப் போலத் தோற்றமளிக்கிறது.

விடுதிகளுக்குப் பணி செய்யும்போது அந்தக் கோட்பாட்டின் அருமை புரியும். மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் இடையே பயணம் செய்கிறவர்கள் கானாடுகாத்தானில் இறங்கி, ஒரு வீட்டின் முகப்பையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் பார்த்து, மதியம் கோழி வறுவலோடு சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். இந்த ஊர்களுக்கு வேண்டியது கூடுதல் ஆட்கள் அல்லர். வருபவர்கள் கூடுதலாக ஓர் இரவு தங்குவது. அப்படியானால் அளக்க வேண்டியது வருகையாளர் எண்ணிக்கையை அன்று. ஒரு விருந்தினர் தங்கும் இரவுகளைத்தான் அளக்க வேண்டும். அந்த இலக்கை மனத்தில் வைத்துப் பத்திரிகைச் செய்திகளைப் படித்தால் அவற்றின் தரம் தானே பிரிந்துவிடும். மாளிகையும் காரமும் என்று எழுதி முடித்த முழுப்பக்கக் கட்டுரை எத்தனை பெரிய இதழில் வந்தாலும் எங்களுக்குப் பயன் குறைவு. காலையில் ஆத்தங்குடிப் பட்டறை, மாலையில் இளையாத்தங்குடிக் கோயில், மறுநாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் என்று வாசகருக்கு இரண்டாம் நாளுக்கான காரணத்தைத் தரும் சிறு குறிப்பு, அரைப்பத்தியாக இருந்தாலும், பெரும் பயன் தருகிறது. ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் ‘இரண்டாம் நாள்’ இருக்கிறதா என்று படித்துக் குறிக்கிறோம். இது மனிதர் உட்கார்ந்து படித்துச் செய்ய வேண்டிய வேலை. வெறும் எண்ணிக்கை காட்டும் கருவி இதைச் செய்து தராது.

விடுதிகள் தங்கள் சொந்தப் பெயரைத் தேடுபவர்களுக்கே விளம்பரம் காட்டுவது பற்றியும் சொல்ல வேண்டும். அறிக்கையில் இதைவிட அழகான எண்ணைத் தரும் செலவு வேறில்லை. பெயரைச் சொல்லித் தேடுகிறவர் ஏற்கெனவே வர முடிவு செய்தவர் ஆயிற்றே. ஈபே நிறுவனம் 2012-இல் தன் பெயருக்கான தேடல் விளம்பரங்களைச் சில இடங்களில் நிறுத்திப் பார்த்தபோது, விளம்பரத்தைச் சொடுக்கியிருக்கக் கூடியவர்களில் ஏறத்தாழ எல்லோரும் அதன் கீழே இருந்த இலவச இணைப்பின் வழியே வந்து சேர்ந்தார்கள். அந்த முடிவை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது. சிறு விடுதியின் பெயரை வைத்து முன்பதிவு இணையதளங்கள் விளம்பரம் செய்கின்றன. வருபவர் அங்கே திரும்பிவிட்டால் விடுதி அந்தத் தளத்துக்குத் தரகு கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தச் சோதனை முறை நமக்கும் உரியது. சில வாரம் நிறுத்தி, சில வாரம் நடத்தி, நேரடி முன்பதிவு மாறுகிறதா என்று பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், முன்பதிவுப் புத்தகமே போதும். செலவை நிறுத்திப் பார்க்கத் துணியாதவரை, அதன் பலன் இன்னதென்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பலகாரத் தொழிலில் வேறொரு குருட்டுப்புள்ளி இருக்கிறது. தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும் விற்பது பெரும்பாலும் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில். சென்னையில் இருக்கும் மகள் ஒரு படத்தைப் பகிர, சிங்கப்பூரில் இருக்கும் அத்தை கேட்க, ஆர்டர் தொலைபேசியில் வருகிறது. குழுவில் பகிர்ந்த இணைப்பைச் சொடுக்கி யாராவது இணையதளத்துக்கு வந்தாலும், எங்கிருந்து வந்தார் என்று காட்ட இணைப்பில் சேர்க்கும் யூடிஎம் குறி இல்லாவிட்டால் அது ‘நேரடி வருகை’ என்ற பொதுக்குவியலில் விழுந்துவிடும். நாங்கள் பகிரும் இணைப்புகளில் குறி வைக்கலாம். ஓர் ஆச்சி தாமே எடுத்த படத்துக்கும் எழுதிய சொல்லுக்கும் யார் குறி வைப்பது? ஆகவே ஆர்டர் எடுப்பவரே, ‘யார் சொல்லித் தெரியும் ஆச்சி?’ என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தோம். இந்த விடைகள் துல்லியமானவை அல்ல. மறதி உண்டு, மரியாதைக்காகச் சொல்லும் பெயரும் உண்டு. ஆனாலும் டேஷ்போர்டு ஒருபோதும் காட்டாத பாதையை அவை காட்டுகின்றன. அதோடு, தீபாவளிக்கு வாங்கியவர் பொங்கலுக்கும் வாங்கினாரா என்ற ஒரே கேள்வி, பலகாரத்தின் தரத்தையும் சந்தைப்படுத்தலையும் சேர்த்து அளந்துவிடுகிறது.

நடக்கக் கூடாததையும் அளக்க வேண்டும் என்பதை இந்த ஊர்கள்தான் எனக்குக் கற்பித்தன. 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் இவை காட்சியகங்கள் அல்ல. பல வீடுகளில் இன்றும் முன்னோருக்கான படைப்பு நடக்கிறது; திருமணத்துக்கும் அறுபதாம் ஆண்டு நிறைவு போன்ற சாந்திக்கும் பங்காளிகள் எல்லோரும் கூடுகிறார்கள். ஒரு வீட்டின் படம் அளவுக்கு மீறிப் பரவினால், கேட்காமல் உள்ளே வந்து படமெடுப்பவர்கள் பெருகுகிறார்கள். வீட்டார் கதவைச் சாத்துகிறார்கள். சாத்திய கதவு அடுத்த விருந்தினருக்கும் சாத்தியதுதான். அதனால் அக்கம்பக்கத்து வீட்டார் விடுதியிடம் சொல்லும் குறைகளையும் எங்கள் அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்தோம். ரீச் (பதிவு சென்றடைந்தவர் எண்ணிக்கை) ஏறும்போது குறைகளும் கூடினால் அந்த மாதத்தை நல்ல மாதம் என்று எழுதுவதில்லை. வாடிக்கையாளர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இருந்தும் அந்த வரியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை.

கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் விசைத்தறிச் சேலைகளும் அதே பெயரில் வந்து நிற்கின்றன. கண்டாங்கி என்ற சொல் எத்தனை முறை பேசப்பட்டது என்று மட்டும் எண்ணினால், கைத்தறிக்காரருடைய பிழைப்பைக் குறைக்கும் விளம்பரமும் நம் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும். நெசவாளர்களுக்கான அறிக்கையில் இப்போது முதல் வரி, அந்த மாதம் ஆர்டருடன் ஓடிய தறிகள். இரண்டாம் வரி, எதற்காகக் கைத்தறி வேண்டும் என்று வாங்கியவர் சொன்ன காரணம். இரண்டாம் வரியை நிரப்ப ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் பேச வேண்டியிருக்கிறது. மாத அறிக்கை சில நாள் தாமதமாகிறது. தாமதத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஃபாலோயர் எண்ணிக்கை எங்கே என்று இளைய நெசவாளர் ஒருவர் கேட்டார். அது இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே தெரிகிறது, அறிக்கை தறிக்காக எழுதப்படுகிறது என்று சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து, நூல் விலை போகக் கைக்கு நின்ற கூலியையும் சேர்க்க முடியுமா என்று அவரே கேட்டிருக்கிறார். சேர்க்கப் போகிறோம்.