நீலம் விளையுற ஊரு

ஜப்பான்ல டோக்குஷிமாங்கற ஊர்ல ஒரு கொட்டகையோட மரக்கதவை இழுத்துத் திறந்ததும் முகத்துல அடிச்சுது பாருங்க ஒரு அமோனியா நெடி, எல்லாரும் ரெண்டடி பின்னாடி போயிட்டோம், கண்ணுல தண்ணியே வந்துருச்சு. உள்ள இடுப்பு உயரத்துக்குக் கருப்பா ஒரு இலைக் குவியல், வைக்கோல் பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க, பாயை விலக்குனா குப்புன்னு ஆவி மேல வருது. நவம்பர் கடைசி, வெளிய நல்ல குளிரு, ஆனா அந்தக் குவியலுக்குள்ள கைய விட்டா சுடுது. ஜப்பான்காரங்க துணிக்குப் போடுற அந்த ஆழமான நீலம் இருக்குல்ல, அது தொடங்குற இடம் இதுதான்.

ஸ்கூல் லீவுல எங்கயாச்சும் போகணும்னு பேச்சு வந்தப்போ நான் இந்தத் தடவை பிடிவாதமா சொல்லிட்டேன், ஷாப்பிங் வேணாம், தீம் பார்க் வேணாம், கைத்தொழில் பாக்குற சின்ன குரூப் டூர்ல போவோம்னு. பத்துப் பேருக்குள்ளதான் ஆளுங்க, ஒரு வேன், ஜப்பானிய மொழி பேசுற ஒரு வழிகாட்டி. அத்தையும் வந்தாங்க. சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல இருந்து ஒசாகா கன்சாய் ஏர்போர்ட், அங்கேருந்து பஸ்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், கடல் மேல பாலம் பாலமா தாண்டி ஷிக்கோக்கு தீவுக்குள்ள இறங்குறோம். வழியில வர்ற ஆக்காஷி கைக்கியோ பாலம் 1998ல திறந்தது, நடு ஸ்பான் மட்டும் 1,991 மீட்டர், பஸ்ல தூங்கிடாதீங்க.

சரி, அந்தக் குவியலுக்கு வரேன். அந்தச் செடியை ஜப்பான்ல ஆய்-னு சொல்றாங்க. கோடைல அறுத்து, நறுக்கி, வெயில்ல காய வச்சு, காம்பு தனியா இலை தனியாப் பிரிச்சு வச்சுக்குவாங்க. செப்டம்பர் வாக்குல காஞ்ச இலையைக் களிமண் தரை போட்ட கொட்டகைக்குள்ள குவிச்சு தண்ணி தெளிப்பாங்க. அப்புறம் அஞ்சு நாளைக்கு ஒருக்கா கிட்ட மொத்தத்தையும் புரட்டிப் போட்டு மறுபடி தண்ணி, மறுபடி மூடுறது. இப்படியே சுமார் 100 நாள். உள்ள சூடு 60, 70 டிகிரி வரைக்கும் போகுது. தண்ணி கூடிப்போச்சுன்னா அழுகிடும், குறைஞ்சுபோச்சுன்னா புளிக்கிறது நின்னுடும், அன்னைக்கு எவ்வளவு தெளிக்கணும்ங்கறதை ஒரு ஆளுதான் முடிவு பண்றாரு. நாங்க பாத்துட்டு இருக்கும்போது அவரு குவியலோட நாலு மூலைலயும் கைய விட்டு அள்ளி, உள்ளங்கைல வச்சு அமுக்கி, மூக்குகிட்ட கொண்டுபோய் மோந்து பாத்துட்டு, வலது பக்க ஓரத்தைக் காட்டி ஏதோ சொன்னாரு, உடனே ஒரு பையன் அங்க மட்டும் கொஞ்சம் தண்ணி தெளிச்சான். அவ்ளோதான். ஆனா அந்த மூக்குக்குப் பின்னாடி எத்தனை வருஷம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இப்படி வர்ற சரக்குக்குப் பேரு சுக்குமோ, கிட்டத்தட்ட மண்ணு மாதிரி கருப்பா உதிரும். டோக்குஷிமால இதை முறையா செய்யுற குடும்பங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

ஓரத்துல சாக்குல கொஞ்சம் காஞ்ச இலை இருந்துச்சு. அத்தை குனிஞ்சு ரெண்டு இலையை எடுத்துக் கசக்கி, "ஏம்மா, இது நம்ம அவுரி இல்லையா?"ன்னு கேட்டாங்க. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் பக்கம் அவுரிப் பொடி வாங்கி மருதாணியோட தலைக்குப் போடுறவங்க அவங்க, அதான் உடனே பிடிபட்டுச்சு. செடி வேற அத்தை, சாயம் ஒண்ணுதான். நம்ம அவுரி பயறு வகைச் செடி, இவங்க செடி வேற குடும்பம், ஆனா ரெண்டு இலைலயும் இருக்குறது ஒரே சரக்கு, ரெண்டுலயும் கடைசில கிடைக்கிறது அதே நீலம். திண்டிவனம், விழுப்புரம் பக்கமெல்லாம் பச்சை இலையைத் தொட்டில ஊற வச்சு, அந்தத் தண்ணியை அடிச்சுக் கலக்கி, அடில தங்குற நீலத்தை எடுத்துக் காய வச்சுக் கட்டியாக்குவாங்க. இவங்க இலையையே புளிக்க வச்சு உரம் போல ஆக்கிடுறாங்க. வழிகாட்டி இதை அந்தப் பெரியவர்கிட்ட மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரு அத்தையைப் பாத்து ரொம்ப நேரம் தலையாட்டினாரு, எங்க ஊர்ல செடி எவ்வளவு உயரம் வளரும், வருஷத்துக்கு எத்தனை அறுவடைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, அத்தையும் சளைக்காம பதில் சொன்னாங்க.

ஏன் இந்த ஊர்ல மட்டும் இவ்வளவு நீலம்னா அதுக்கு யோஷினோ ஆறுதான் காரணம். வருஷா வருஷம் புயல் காலத்துல வெள்ளம் வந்து வயலை மூழ்கடிச்சுரும், நெல்லு அறுக்குறதுக்குள்ள தண்ணி வந்து நிக்கும். இந்தச் செடியைப் புயலுக்கு முன்னாடியே அறுத்துடலாம். இதே செடியையே திரும்பத் திரும்பப் போட்டா மண்ணு சத்து போயிரும், ஆனா வெள்ளம் புது வண்டலைக் கொண்டுவந்து போட்டுட்டுப் போகும். ஊரை அழிக்கிற ஆறே ஊருக்குச் சோறும் போட்டுருக்கு. எடோ காலத்துல, அதாவது 1603ல இருந்து 1868 வரைக்கும், இந்த வியாபாரத்துல சம்பாதிச்சவங்க கட்டுன வீடுங்க வாக்கிமாச்சி தெருவுல இன்னும் வரிசையா நிக்குது, பக்கத்து வீட்டுத் தீ பரவாம இருக்கக் கூரையோரம் உயர்த்திக் கட்டுன சுவருங்களோட.

அதுக்கு அடுத்து வந்த மெய்ஜி காலத்துல வெளிநாட்டு நீலம் மலிவா வந்து இறங்குச்சு. எந்த வெளிநாடுன்னு நினைக்கிறீங்க, இந்தியாதான்! அங்க நம்ம விவசாயிகளை அடிச்சு உருட்டிப் பயிர் பண்ண வச்ச அதே நீலம் இங்க இவங்க பொழப்பையும் ஆட்டிப் பாத்துருக்கு. அதுக்கப்புறம் 1897ல ஜெர்மனிக்காரங்க செயற்கை நீலத்தைச் சந்தைக்கு விட்டாங்க, ரெண்டு பக்கமும் படுத்துருச்சு. ரெண்டாம் உலகப்போர்ல உணவுப் பயிர்தான் போடணும்னு கட்டுப்பாடு வந்தப்போ ஆய் சாகுபடியே நின்னுபோற நிலைமை. இது வருஷா வருஷம் விதைக்கணும், விதை ரொம்ப நாள் தாங்காது, அதனால விதையைக் காப்பாத்த யாரோ எங்கயோ மறைவா கொஞ்சம் விதைச்சுக்கிட்டே இருந்துருக்காங்க. அவங்க விட்டிருந்தா அந்தக் கொட்டகைல எங்களுக்குக் காட்டுறதுக்கு எதுவுமே இருந்திருக்காது.

மறுநாள் சாயம் போடுற பட்டறை. தரைல பாதி புதைஞ்ச பெரிய தாழிங்க, உள்ள சுக்குமோ, கட்டை எரிச்ச சாம்பலோட தெளிஞ்ச தண்ணி, சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் சாக்கேங்கற அரிசி மது. வேற ரசாயனம் எதுவும் கிடையாது. கிருமிங்கதான் வேலை செய்யுது, தவிடும் சாக்கேயும் அதுங்களுக்குச் சாப்பாடு. தாழி நல்ல நிலைமைல இருந்தா மேல நீலமா நுரை கட்டி நிக்கும். துணியை உள்ள அமுக்கி மெதுவா வெளிய எடுக்கும்போது பழுப்பும் பச்சையுமாதான் இருக்கு, காத்து பட்டதும் நம்ம கண்ணு முன்னாடியே மடிப்புங்களோட ஓரத்துல இருந்து நீலம் ஏறிக்கிட்டே வருது. நல்ல அடர்த்தி வேணும்னா இருபது தடவைக்கு மேலயும் முக்கி எடுக்கணும். சொல்லிக்கொடுத்த அம்மாவோட நகமெல்லாம் ஆகாய நீலம், தேய்ச்சாலும் போகாதாம். அத்தை அவங்க கையைப் பிடிச்சு நகத்தைத் தடவிப் பாத்துட்டு சிரிச்சாங்க, ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொதுவா கிடையாது.

எனக்கு அதைவிடப் பிடிச்சது அந்தத் தாழியைச் செய்யுற இடம். நாருத்தோ பக்கம் ஓத்தானி. ஆள் உயரத் தாழியைச் சக்கரத்துல ஏத்திச் செய்யும்போது ஒருத்தர் நின்னு மண்ணை ஏத்துறாரு, இன்னொருத்தர் கீழ படுத்துக்கிட்டு காலால சக்கரத்தை உதைச்சுச் சுத்துறாரு. மேல இருக்கறவரு வாயே திறக்கல, இருந்தும் எப்போ வேகம் வேணும் எப்போ நிறுத்தணும்னு கீழ இருக்கறவருக்குத் தெரியுது. செயற்கைச் சாயம் வந்ததும் தாழி கேக்குற ஆளுங்களும் குறைஞ்சுட்டாங்க. நான் சொல்ல வர்றது இதைத்தான்: கைத்தொழில்ங்கறது ஒரு ஆளோட திறமை மட்டும் இல்ல. செடி போடுறவரு, இலை புளிக்க வைக்கிறவரு, தாழி வனையுறவரு, சாம்பலுக்குக் கட்டை கொடுக்குறவரு, வைக்கோல் பாய் பின்னுறவரு, இதுல ஒருத்தர் நிறுத்திட்டாலும் மத்தவங்க கையும் கட்டிப்போயிரும். தேக்கால பூக் கட்டுறவங்களைப் பாக்கும்போதும் எனக்கு இப்ப இதேதான் தோணுது, மல்லி வந்து இறங்குனாதானே அவங்க விரலுக்கு வேலை.

அதனாலதான் சொல்றேன், அரை மணி நேரத்துல ஒரு கைக்குட்டைக்குச் சாயம் போட்டுட்டு போட்டோ எடுத்துட்டு கிளம்புற டூரை எடுக்காதீங்க. புக் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க, ஒரு பட்டறைல எவ்வளவு நேரம் நிக்கலாம், அவங்களுக்கு அந்த நேரத்துக்குக் காசு தர்றீங்களா, ராத்திரி கிராமத்துல தங்குறோமா இல்ல சிட்டி ஹோட்டலுக்குத் திரும்பிடுறோமான்னு. எங்க வழிகாட்டி பெரிய பெட்டியையெல்லாம் கூரியர்ல அடுத்த ஊருக்கு அனுப்பிட்டாரு, ஆளுக்கு ஒரு சின்னப் பைதான், மலை ஏறும்போது எவ்வளவு நிம்மதின்னு அப்பதான் தெரிஞ்சுது.

மலைன்னா இயா பள்ளத்தாக்கு. சரிவு சில இடத்துல 40 டிகிரி வரைக்கும், அதுல படிக்கட்டு வயல் கூட கட்டாம அப்படியே சரிவுலயே பக்வீட்ங்கற தானியம், தினை, உருளைக்கிழங்கு போடுறாங்க. இலையுதிர் காலத்துல மலைப்புல்லை அறுத்து நட்டுக்குத்தலா அடுக்கி வைக்கிறாங்க, நம்ம ஊரு வைக்கோல் போரேதான், கொஞ்சம் ஒல்லி. அப்புறம் அதை நறுக்கி வயல்ல பரப்புனா மழைல மண்ணு கரைஞ்சு ஓடாது, மக்கி உரமும் ஆகிடும். அப்படியும் சரிஞ்சு கீழ வர்ற மண்ணை மறுபடி கருவியால இழுத்து மேல ஏத்துறாங்க, வருஷா வருஷம். இந்த விவசாய முறையை 2018ல ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு உலக மரபா அங்கீகரிச்சிருக்கு. ஆனா ஒச்சியாய் கிராமத்துல நாங்க பாத்த வயல்ல வேலை செஞ்சது எல்லாமே வயசானவங்கதான், பல வீடு பூட்டிக் கிடக்கு. நாகோரோன்னு ஒரு ஊர்ல ஆளுங்க போகப்போக அவங்களுக்குப் பதிலா ஆளுயரத் துணிப் பொம்மைங்களைச் செஞ்சு பஸ் ஸ்டாப், வயல், மூடுன பள்ளிக்கூடம் எல்லாத்துலயும் உக்கார வச்சிருக்காங்க, மனுசங்களைவிட பொம்மைங்கதான் அதிகம். அங்க எங்க வேன்ல யாருமே பேசல.

சாப்பாடு பத்தி எல்லாரும் கேக்குறாங்க. அத்தை சுத்த சைவம். ஜப்பான்ல காய்கறி சூப்னு கொடுத்தாலும் அடில காய்ஞ்ச மீன் சாறு இருக்கும், அதனால கடற்பாசி, காளான்ல செஞ்ச சாறுதான் வேணும்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துருங்க. கோயில்ல தங்குற அன்னைக்குக் கவலையே இல்ல, துறவிங்க சமையல்ல மீன் கறி கிடையாது. இயால நடு வீட்டுல அடுப்பு மூட்டி, சுத்தி உக்காந்து, சின்ன உருளைக்கிழங்கு, கெட்டி டோஃபு, கொன்யாக்குங்கற கிழங்கு ஜெல்லி மூணையும் குச்சில குத்தி மீசோங்கற சோயா விழுது தடவிச் சுட்டுத் தந்தாங்க. டோஃபு அவ்வளவு கெட்டி, கயித்துல கட்டித் தூக்கிட்டுப் போகலாம்னு அங்க சொல்வாங்களாம். அத்தை ரெண்டு குச்சி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு ஒண்ணு: காட்டுக்கொடில பின்னுன காசுராபாஷி பாலத்துல கால் வைக்கிற கட்டைங்களுக்கு நடுவுல ஆறு தெரியும், சுமார் 14 மீட்டர் கீழ. மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுசா கட்டுறாங்க, பயமில்ல, ஆனா முட்டி வலி இருந்தா கரைலயே நின்னு பாக்குறது நல்லது. நவம்பர் கடைசில போனா புளிக்கிற குவியலும் மலைல கடைசி சிவப்பு இலையும் ரெண்டும் கிடைக்கும், இயால ராத்திரி நல்லாவே உறையும், தெர்மல் எடுத்துக்கோங்க. ஜூன் லீவுல போனா செடி பச்சையா நிக்கிறதைப் பாக்கலாம், ஆனா மழைக்காலம். ஆகஸ்ட் 12ல இருந்து 15 வரைக்கும் ஆவா ஒதோரி நடனத் திருவிழா, ரூம் கிடைக்கிறதே கஷ்டம், பட்டறை பாக்கப் போறவங்க அந்த வாரத்தைத் தவிர்த்துடுங்க.