விற்பவர் மாறினால் வாங்கியவருக்குத் தெரிய வேண்டாமா?

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பெரும்பாலும் நட்சத்திர மதிப்பீட்டையும் பதிவிறக்க எண்ணிக்கையையும்தான் பார்க்கிறோம். அது நேற்றுவரை எப்படி நடந்துகொண்டது என்பதை அவை சொல்லும். நாளை அதில் கை வைக்கப்போகிறவர் யார் என்பதைச் சொல்லமாட்டா.

'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற குரோம் நீட்சி (குரோம் உலாவியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) இதற்குச் சரியான சான்று. பயன்படுத்தாமல் திறந்து கிடக்கும் தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்திய அந்த நீட்சியை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிறுவியிருந்தார்கள். 2020 ஜூனில் அதன் உருவாக்குநர், பயனர்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு தரப்பிடம் அதை ஒப்படைத்தார். அதே பெயரும் அதே மதிப்புரைகளும் தொடர்ந்தன. ஆனால் சில மாதங்களில், வெளியிலிருந்து நிரல்களை இழுத்து இயக்கக்கூடிய ஒரு பதிப்பு, தானியங்கிப் புதுப்பிப்பாகவே மக்களின் கணினிகளுக்குள் வந்து சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று அறிவித்து நீக்கியது. பழைய உருவாக்குநர் ஈட்டிய நம்பிக்கையைப் புதியவர் விலைக்கு வாங்கிக்கொண்டார் என்பதே இங்கு நடந்தது.

அடையாளச் சரிபார்ப்பு இன்று முன்னைவிட வலுப்பெற்றிருப்பது உண்மை. கூகுளின் செயலிக் கடையான கூகுள் பிளேயில் உருவாக்குநராகச் சேர வாங்கப்படும் 25 டாலர் பதிவுக் கட்டணம் மட்டும் ஏமாற்றுக்காரரைத் தடுக்காது. விரட்டப்பட்டவர் வேறொரு மின்னஞ்சலுடன் மறுநாளே திரும்பிவிடலாம். அதனால்தான் கூகுள் பிளே, 2023 ஆகஸ்ட் 31 முதல், நிறுவனப் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்குவோரிடம் வணிகத் தகவல் நிறுவனமான டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் வழங்கும் ஒன்பது இலக்க அடையாள எண்ணைக் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வணிகரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை விற்பனைத் தளம் பெற்றுச் சரிபார்ப்பதோடு நுகர்வோருக்குக் காட்டவும் வேண்டும் என்கிறது. தாம் வணிகரா இல்லையா என்று அறிவிக்காதவர்களின் செயலிகளை ஆப்பிள் 2025 பிப்ரவரி 17 முதல் அங்குள்ள கடையிலிருந்து விலக்கத் தொடங்கியது.

வீட்டிலிருந்தே தனியாகச் செயலி எழுதும் ஒரு பெண்ணின் வீட்டு முகவரியை உலகமே பார்க்கும்படி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முழு முகவரி சரிபார்க்கப்பட்டுத் தளத்திடம் இருக்கட்டும். சட்டப்படி கேட்பவருக்குக் கிடைக்கட்டும். வாங்குபவருக்குப் பெயரும் நாடும், கணக்கு எந்த ஆண்டு முதல் யார் கையில் இருக்கிறது என்ற விவரமும் போதும்.

சரிபார்க்கப்பட்ட பெயர் நிரலின் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது என்பதையும் மறக்கலாகாது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு நிரல், கணினிச் சில்லுகள் தயாரிக்கும் ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட கையொப்பச் சான்றிதழுடன்தான், அதாவது நிரலை வெளியிட்டவர் யார் என்று உறுதிசெய்யும் மின்னணுச் சான்றுடன்தான் உலவியது.

ஆகவே, பதிவின்போது ஒரு முறை ஆவணம் வாங்கி வைத்துக்கொள்வதோடு தளங்கள் நின்றுவிடக் கூடாது. உரிமை கைமாறும் நாளில் புதியவரின் அடையாளத்தை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஏற்கெனவே நிறுவியவர்களுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஒப்புதல் தரும்வரை தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைக்க வேண்டும்.