தேர்ச்சி விகிதம் யாருடையது?

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பி.எஸ்.ஏ.சி. என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் நம் மொரிசியஸ் தீவில் ஒரு கோரிக்கை எழுகிறது. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்பதைக் கொண்டு அந்த வகுப்பின் ஆசிரியரை மதிப்பிட வேண்டும், அவருடைய ஊதிய உயர்வையும் பதவி உயர்வையும் அந்தக் கணக்கோடு இணைக்க வேண்டும் என்கிறார்கள். அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான் இந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் கோபத்தை மனமார மதிக்கிறேன். மக்களின் வரிப்பணத்தில் ஊதியம் பெறும் ஒருவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை என்ன கற்றது என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அப்படிக் கேட்பதே ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு என்று பேசும் சக ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் மொரிசியஸில் தேர்ச்சி விகிதத்தை வைத்து ஓர் ஆசிரியரை எடைபோட முடியாது என்றே உறுதியாக நம்புகிறேன். அதற்கு முதற்காரணம் தனிப்பயிற்சி.

தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் படிப்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இங்கே ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பான்மையோர் பள்ளி முடிந்த பிறகு கட்டணம் செலுத்தித் தனிப்பயிற்சி வகுப்புக்குச் செல்கிறார்கள். அந்த வகுப்பை நடத்துபவர் பல இடங்களில் காலையில் அதே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வகுப்பாசிரியரே. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி அளிப்பதை 1991ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்தது. 2011இல் அந்தத் தடை நான்காம் வகுப்புக்கும் நீட்டிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி நேரத்துக்குப் பிறகு கட்டணமின்றிக் கற்கவும் விளையாடவும் ஒரு திட்டத்தை அரசு தொடங்கியிருந்தது. ஆனால் தேர்வு நெருங்கும் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளை, அதாவது பணம் புழங்கும் வகுப்புகளை, சட்டம் தொடவில்லை.

இதன் விளைவை வகுப்புக்கு வகுப்பு மாறிச் செல்லும் மொழியாசிரியர் தெளிவாகப் பார்க்க முடியும். தனிப்பயிற்சிக்கு வரும் பிள்ளை முந்தைய நாள் மாலையிலேயே செய்து முடித்துவிட்ட கணக்கை மறுநாள் காலையில் தனிப்பயிற்சிக்கு வராத பிள்ளை முதன்முதலாகப் பார்க்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தில் பாடம் நகர்ந்துவிடுகிறது. காலையிலேயே முழு மனத்தோடு கற்பித்து, வராத பிள்ளையை அருகில் அழைத்து உட்கார வைத்துச் சொல்லித் தரும் ஆசிரியர்களை நான் நன்கு அறிவேன். அவர்களைப் பார்த்துத்தான் நானே கற்றுக்கொண்டேன். ஆயினும் பள்ளி நேரத்தில் எவ்வளவு குறைவாகக் கற்பிக்கிறாரோ அவ்வளவு அதிகமாக மாலையில் வருமானம் வரக்கூடிய ஓர் ஏற்பாட்டுக்குள் ஓர் ஆசிரியரை நிறுத்திவிட்டு, அவருடைய நேர்மையை மட்டும் நம்பி ஒரு நாட்டின் கல்வியை நடத்துவது முறையா என்று கேட்க வேண்டியிருக்கிறது. கட்டணம் கட்ட இயலாத பெற்றோர், பிள்ளையை அனுப்பாவிட்டால் மிஸ் மனத்தில் வைத்துக்கொள்வாரோ என்று அஞ்சுவதையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றதாக இருக்கலாம். அது எழுவதற்கு இடம் இருப்பதே தவறு.

இப்போது தேர்ச்சி விகிதத்துக்கு வருவோம். குவாத்ர் போர்ன் போன்ற நகரில், பெற்றோர் இருவரும் வேலை பார்க்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் நிறைந்த ஒரு வகுப்பில் பத்தில் ஒன்பது பேர் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஆசிரியரின் உழைப்பா, மாலை வகுப்பின் பயனா, வீட்டில் இருக்கும் புத்தகங்களின் பயனா என்று அந்த எண் சொல்லாது. கடலோரச் சிற்றூரில், தனிப்பயிற்சிக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத் தந்து பத்தில் நால்வரைத் தேர வைத்த ஆசிரியரை அதே எண் தோற்றவராகக் காட்டும். 2003இல் முன்னுரிமைக் கல்வி மண்டலத் திட்டம் தொடங்கப்பட்டபோது, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் 40 விழுக்காட்டுக்கும் குறைவான தேர்ச்சி பெற்ற சுமார் 30 பள்ளிகள் அதில் சேர்க்கப்பட்டன. பெரும்பாலும் அவை வறுமை நிறைந்த பகுதிகளின் பள்ளிகள். அங்கே பணியாற்ற முன்வரும் ஆசிரியருக்குத் தேர்ச்சி விகிதத்தைக் காட்டித் தண்டனை கொடுத்தால், நல்ல ஆசிரியர் எவரும் அந்தப் பள்ளிகளின் பக்கம் திரும்பமாட்டார்.

தேர்வு முடிவையும் ஊதியத்தையும் இணைக்கும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் கல்விக்குப் பொறுப்பாக இருந்த அரசியல்வாதி ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் சோதித்தார்; தேறிய அளவுக்கு ஏற்பப் பள்ளிக்கு அரசு மானியம் கிடைத்தது. சோதனைக்குரிய பாடநூலை வரி வரியாக மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் பரவியது. பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய மேத்யூ அர்னால்டு இந்த ஏற்பாடு கற்பித்தலை இயந்திரமாக்கிவிட்டது என்று இடைவிடாமல் எதிர்த்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. அமெரிக்காவிலும் 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பள்ளிகளின் தலைவிதியைத் தேர்வு மதிப்பெண்ணோடு கட்டியது. அட்லாண்டா நகரில் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை ஆசிரியர்களே சரியான விடைகளாக மாற்றியது வெளிப்பட்டு, 2015இல் 11 கல்வித்துறையினர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். மாணவர்களின் மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாட்டில் ஆசிரியர்களுக்கு உரிய பங்கு 1 முதல் 14 விழுக்காடு வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் அறிவித்தது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆந்திரப் பிரதேசத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஊக்கத்தொகை பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகள் கணிதத்திலும் மொழியிலும் உண்மையாகவே முன்னேறின. ஆனால் அங்கே அளக்கப்பட்டது ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளை எங்கே இருந்தது, ஆண்டு இறுதியில் எங்கே வந்து சேர்ந்தது என்னும் இடைவெளி. அந்தத் தேர்வுகளை நடத்தியவர்களும் பள்ளிக்கு வெளியில் இருந்து வந்தவர்கள். பி.எஸ்.ஏ.சி. தேர்ச்சி விகிதமோ பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் கேட்பதே இல்லை.

இவ்வளவும் சொல்லும்போது நம் தமிழ்ச் சமூகத்தின் பங்கையும் சொல்லாமல் விட முடியவில்லை. பி.எஸ்.ஏ.சி.க்கு முன்பிருந்த சி.பி.இ. தேர்வின் காலத்தில், இங்கே கல்லூரி என்று அழைக்கப்படும் பெயர்பெற்ற மேல்நிலைப் பள்ளிகளில் இடம் பெறுவதற்கான தரவரிசையில் தமிழ், இந்தி, உருது போன்ற கீழை மொழிகளின் மதிப்பெண்ணைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வி நாட்டையே உலுக்கியது. சேர்ப்பது என்ற அரசின் முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசியலமைப்பைத் திருத்தும் முயற்சி தோற்றது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு 1995 டிசம்பரில் நடந்த தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி மொரிசியஸ் தீவின் 60 இடங்களையும் கைப்பற்றியது. வழக்கு நம் நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1998இல் அரசின் முடிவு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நம் மொழிக்கு உரிய மதிப்புக் கிடைக்க வேண்டும் என்று போராடியவர்களை நான் வணங்குகிறேன். எனினும் மதிப்பெண் கணக்கில் சேர வேண்டும் என்பதில் நாம் காட்டிய வேகத்தில் ஒரு பகுதியையாவது, அந்த மதிப்பெண்ணைப் பெற்ற பிள்ளை தமிழை வாசிக்கிறதா என்று பார்ப்பதிலும் காட்டியிருக்க வேண்டும். வழக்கமான வினாக்களுக்கு எழுதிப் பழகி நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கும் முன்பின் பாராத இரண்டு வரிகளை வாசிக்கத் தடுமாறுவதைக் காவடி நாட்களில் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

கீழ்வகுப்புகளில்தான் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. வீட்டில் நம் தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளை, பள்ளிக்கு வந்ததும் ஆங்கிலத்தில் அச்சிட்ட கணித நூலையும் பிரெஞ்சு நூலையும் ஒருசேர எதிர்கொள்கிறது. அதோடு ஓர் ஆசிய மொழியையோ, 2012 முதல் பாடமாக வைக்கப்பட்ட கிரியோலையோ எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் வாசிப்புப் பிடிபடாத பிள்ளையும் ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு நகர்த்தப்படுகிறது. ஆறாம் வகுப்பில் அது தேறாமல் போகும்போது, பழி அந்த ஆண்டின் ஆசிரியர்மேல் விழுகிறது. உண்மையில் அந்தப் பிள்ளையைக் கைவிட்டது இரண்டாம் வகுப்பு. பல பள்ளிகளில் தேர்ந்த ஆசிரியர்களை ஆறாம் வகுப்புக்கும், பணிக்குப் புதியவர்களை முதல் வகுப்புக்கும் ஒதுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். ஒன்பதாண்டுத் தொடர்கல்வித் திட்டத்தின்கீழ் கீழ்வகுப்புகளுக்கு ஆதரவு ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால் அந்த ஆசிரியர் மற்றொருவர் விடுப்பெடுக்கும் நாளில் வெற்றிடம் நிரப்ப அனுப்பப்படும்போது, வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கிடைத்திருந்த ஒரே உதவியும் பறிபோகிறது.

மேலே இருப்பவர்களும் பதில் சொல்லட்டும். 2017இல் சி.பி.இ. நீக்கப்பட்டு பி.எஸ்.ஏ.சி. வந்தது. அதில் தேறாத பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியில் நான்காண்டு நீட்டிப்புப் பிரிவில் சேர்க்கப்பட்டு, மற்றவர்கள் மூன்று ஆண்டுகளில் எழுதும் அதே தேசியச் சான்றிதழ்த் தேர்வை எழுத வைக்கப்பட்டார்கள். மிகச் சிலரே தேறினார்கள். ஆறு ஆண்டுகளில் வாசிக்கக் கற்காத பிள்ளைக்கு ஓர் ஆண்டைக் கூட்டிக் கொடுத்து அதே பாடத்திட்டத்தைக் கையில் திணித்த முடிவை எந்த வகுப்பாசிரியரும் எடுக்கவில்லை. தனிப்பயிற்சிக்கு இவ்வளவு செலவழிக்கும் நம் நாட்டின் 15 வயதுப் பிள்ளைகள், பல நாட்டுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பிசா மதிப்பீட்டில் நாம் பங்கேற்ற 2009ஆம் ஆண்டுச் சுற்றில் வாசிப்பில் 407, கணிதத்தில் 420 மதிப்பெண்ணே பெற்றார்கள். வளர்ந்த நாடுகளின் சராசரி வாசிப்பில் 493, கணிதத்தில் 496.

எனவே ஆசிரியர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் என் நிலைப்பாடு இது. பள்ளி மணி அடித்ததிலிருந்து பள்ளி முடியும் வரை வகுப்பில் நடப்பதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஆய்வாளர் அலுவலக அறையில் பாடக்குறிப்பேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பாமல், வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டு, கடைசிப் பிள்ளையின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் வாசிக்க முடியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்காக என்ன செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, தம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாமே கட்டணம் பெற்றுத் தனிப்பயிற்சி அளிப்பதை எல்லா வகுப்புகளிலும் சட்டப்படி நிறுத்த வேண்டும். அதனால் ஆசிரியர்கள் இழக்கும் வருமானம் சிறிதன்று என்பதை நான் அறிவேன். ஆகவே ஊதியத்தை அதற்கேற்ப உயர்த்துவதற்கு அரசும் பெற்றோரும் அணியமாக இருக்க வேண்டும். தனிப்பயிற்சிக்கு மாதந்தோறும் கொடுக்கும் பணத்தைப் பற்றி முணுமுணுக்காத பெற்றோர், ஆசிரியர் ஊதியம் உயரும்போது மட்டும் வரிச்சுமை என்று பேசுவது எனக்கு ஏற்புடையதன்று.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் தமிழாசிரியர்களாகிய நாம் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நம் பாடத்தில் வகுப்புகள் சிறியவை. மூன்றாம் வகுப்பின் இறுதியில், அருகிலுள்ள வேறொரு பள்ளியின் தமிழாசிரியரை, தலைமை ஆசிரியரின் இசைவோடு அழைத்து, பாடநூலில் இல்லாத ஒரு சிறு பத்தியை ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கக் கேட்கச் சொல்லலாம். எத்தனை பிள்ளைகள் தடையின்றி வாசித்தார்கள், எத்தனை பேர் எழுத்துக்கூட்டினார்கள், எத்தனை பேருக்கு எழுத்தே பிடிபடவில்லை என்பதைப் பெயர்களைக் குறிப்பிடாமல் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சொல்லலாம். தம் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு பெற்றோரிடமும் தனியே சொல்லலாம். என் வகுப்பில் இதைச் செய்ய நான் அணியமாக இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழாசிரியர்களில் யாரேனும் இணைய விரும்பினால், ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்பே பத்திகளைத் தேர்ந்தெடுக்க நாம் கூடிப் பேச வேண்டும்.