கேப்சர் என்எக்ஸ் 2-இலிருந்து விண்டோஸ் 11-க்கு: பழைய திருத்தங்களைக் கொண்டுவந்த அனுபவம்

அக்கா கல்யாணப் படங்களை நிக்கான் டி90 கேமராவில் ரா ஃபைலாக (கேமரா பதிவுசெய்த மூலத் தகவல் அப்படியே இருக்கும் ஃபைல்) எடுத்து, விண்டோஸ் 7 லேப்டாப்பில் நிக்கானின் படம் திருத்தும் மென்பொருளான கேப்சர் என்எக்ஸ் 2 வைத்துத் திருத்தியிருந்தேன். விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கியதும் அவற்றை இதற்கு மாற்ற வேண்டியிருந்தது. ஃபைல்களை காப்பி செய்வதில் ஒன்றுமில்லை. செய்த திருத்தங்களோடு கொண்டுவருவதுதான் வேலை.

கேப்சர் என்எக்ஸ் 2-ஐ நான் விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் அதன் கண்ட்ரோல் பாயிண்ட். படத்தில் வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்து இழுத்தால், அந்த நிறமுள்ள பகுதி மட்டும் வெளிச்சம் கூடும், குறையும், நிறமும் மாறும். மண்டபத்து டியூப் லைட்டில் பச்சையாகத் தெரிந்த சுவரும், ஹோமப் புகைக்குப் பின்னால் இருண்டிருந்த அப்பாவின் முகமும் இப்படித்தான் சரியாயின. இது நிக் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் நுட்பம். அந்த நிறுவனத்தை 2012-இல் கூகுள் வாங்கியது. 2014-இல் கேப்சர் என்எக்ஸ் 2-க்குப் பதிலாக கேப்சர் என்எக்ஸ்-டி என்ற இலவச மென்பொருளை நிக்கான் கொண்டுவந்தது. இப்போதிருப்பது 2021-இல் வந்த என்எக்ஸ் ஸ்டுடியோ. இதுவும் இலவசம்.

புது மெஷினில் என்எக்ஸ் ஸ்டுடியோவை இன்ஸ்டால் செய்தேன். டி90 ஃபைல்கள் உடனே திறந்தன. ஆனால் புள்ளி வைத்துச் செய்த திருத்தங்கள் வரவில்லை. அப்பாவின் முகம் மறுபடி இருட்டில். கேப்சர் என்எக்ஸ் 2 தன் திருத்தக் குறிப்புகளை என்இஎஃப் (நிக்கானின் ரா) ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும். குறிப்பு இருந்தாலும் அதைப் படித்து அப்படியே படமாக்க பழைய மென்பொருள்தான் வேண்டும்.

அதனால் பழைய லேப்டாப்பிலேயே உட்கார்ந்தேன். திருத்திய ஃபைல்களை மட்டும் தனி ஃபோல்டரில் பிரித்து, ஒவ்வொன்றையும் திருத்தத்தோடு 16 பிட் டிஃப் (நிற விவரத்தை நிறைய வைத்திருக்கும் பட ஃபைல்) ஆக மாற்றினேன். ஜேபெக் போதாதா என்றால், போதாது. அதில் 8 பிட்தான், நிற விவரம் குறைவு. பின்னால் நிழல் பகுதியை இன்னும் கொஞ்சம் தூக்கினால் வண்ணம் பட்டை பட்டையாகப் பிரியும். டிஃப் இடத்தை விழுங்கும். டி90 படம் 4288 × 2848 புள்ளிகள். 16 பிட்டில் ஒரு படமே சுமார் 73 எம்பி ஆகிறது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினால் தீர்கிற பிரச்சினை அது. அசல் என்இஎஃப்களையும் பக்கத்திலேயே வைத்தேன்.

அடோபியின் லைட்ரூம் மென்பொருளுக்கு மாறிவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். கேமராவில் ஆக்டிவ் டி-லைட்டிங் (நிழலிலும் வெளிச்சத்திலும் விவரம் காக்கும் நிக்கான் அமைப்பு) போட்டு எடுத்த படத்தை அது அந்த அமைப்போடு காட்டாது. படம் இருட்டாகத் தெரியலாம். என்எக்ஸ் ஸ்டுடியோவோ கேமராவில் வைத்த பிக்சர் கண்ட்ரோல் என்ற நிற அமைப்பையும் டி-லைட்டிங்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் படம் தள்ள வேண்டிய தொழில்காரர்களுக்கு இது சரிப்படாமல் போகலாம். ஒரு படத்தோடு நிதானமாக உட்காருகிறவர்களுக்கு, அந்த நிறத்துக்காகவே கேமரா கம்பெனியின் மென்பொருள் வேண்டும் என்பேன். என்எக்ஸ் ஸ்டுடியோவிலும் கலர் கண்ட்ரோல் பாயிண்ட் உண்டு. ரொம்பப் பிடித்த சில படங்களை அதில் முதலிலிருந்து மறுபடி செய்தேன். அப்பாவின் முகம் முன்பைவிட நன்றாகவே வந்திருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. என்எக்ஸ் ஸ்டுடியோ திருத்தங்களை ரா ஃபைலுக்குள் எழுதாது. பக்கத்தில் ‘என்கேஎஸ்சி_பேரம்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஃபோல்டரில் வைக்கும். படங்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது இதையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். யாரோ போட்ட குப்பை என்று நினைத்து அழித்தால் திருத்தமெல்லாம் போய்விடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு. 2019-இல் வந்த கட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து, பழைய வகையான 32 பிட் மென்பொருள் எதுவும் ஓடாது. அதற்கு முந்தைய மொஜாவேதான் இடம்கொடுத்த கடைசிப் பதிப்பு. பழைய கேமரா மென்பொருளில் வேலை பாக்கியிருந்தால், அப்டேட் பட்டனைத் தொடுவதற்கு முன் டிஃப் எடுத்து முடித்துவிடுங்கள். கேனான்காரர்கள் அந்தக் கம்பெனியின் திருத்தும் மென்பொருளான டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல் 4-ஐ இறக்கும்போது கேமராவின் சீரியல் எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கும், கேமராவை விற்றாலும் எண்ணைக் குறித்து வையுங்கள்.

என் பழைய லேப்டாப்பை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஊர்த் தேர்த் திருவிழாப் படங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய பாக்கி இருக்கின்றன.