எந்த நாளிலிருந்து?

டோக்கியோவில் ஐந்து ஆண்டுகள் நான் பார்த்த வேலையை ஊரில் உள்ளவர்களுக்கு விளக்க, பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் வரும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைத்தான் துணைக்கு அழைப்பேன். நம்முடைய ரொக்க ஏட்டில் உள்ள இருப்பும் வங்கி சொல்லும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று வரி வரியாகத் தேடும் அந்தப் பாடத்தை, ஒரு நிதி நிறுவனத்துக்காக, ஒவ்வொரு இரவும் லட்சக்கணக்கான வரிகளுக்குக் கணினி செய்யுமாறு நிரல் எழுதுவதே என் பணி. ஒத்துப்போகாத வரியை எங்கள் குழுவில் ‘பிரேக்’ என்போம். ஒவ்வொரு பிரேக்குக்கும் அருகே அது எத்தனை நாள் பழையது என்று காட்டும் ‘ஏஜிங்’ என்ற பத்தி இருக்கும். சேர்ந்த புதிதில் அந்தப் பத்தியை நான் மதித்ததே இல்லை. தொகைதான் முக்கியம், நாள் எதற்கு என்று நினைத்திருந்தேன்.

2013 இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளர் இருப்புகளின் கூட்டுத்தொகை வங்கியில் இருந்த பணத்தைவிட 43 லட்சம் யென் அதிகமாகக் காட்டியது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் எங்கள் குழுவில் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்த ஒரு மதுரைப் பையன் எழுதிய திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. யாரும் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று மாலையே அவனுடைய கணினி அனுமதி நிறுத்தப்பட்டது. மதிய உணவு மேசையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. “அக்கா, நான் அந்த டேபிளத் தொடவே இல்லக்கா” என்று, இருப்புகள் பதிந்திருந்த தரவு அட்டவணையைப் பற்றி அவன் சொன்னபோது, நம்புகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு மனத்தில் நம்பாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் அதை நினைக்க வருத்தமாக இருக்கிறது.

எங்கள் மேலாளர், முப்பது ஆண்டுகள் கணக்குத் துறையில் இருந்த ஜப்பானியப் பெண்மணி, திங்கட்கிழமை கேட்டது ஒரே கேள்விதான்: “இந்த வித்தியாசம் எந்த நாளிலிருந்து இருக்கிறது?” எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பழைய நாள்முடிவுக் கோப்புகளைப் பின்னோக்கி ஒவ்வொன்றாகத் திறந்து, மூன்று நாள் உட்கார்ந்து ஒப்பிட்டதில், அது பதினான்கு மாதங்களுக்கு முன்பு, அந்தப் பையன் ஜப்பானுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கியிருந்தது தெரிந்தது. அனுப்பிய பணம் கணக்கு எண் பிழையால் வங்கியிலிருந்து திரும்பி வரும்போது, அதை வாடிக்கையாளர் செலுத்திய புதிய பணமாகவும் சேர்த்து, பழைய தொகையையும் திரும்ப வரவு வைத்து, இரண்டு முறை கூட்டிக்கொண்டிருந்தது எங்கள் மென்பொருள். அவன் எழுதிய திருத்தம் அதுவரை இன்னொரு பிழைக்குள் ஒளிந்திருந்த ஓட்டையை வெளியே காட்டிவிட்டது, அவ்வளவே. காட்டிக்கொடுத்தவனைத்தான் நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம்.

இந்த அனுபவம் நடந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஷிபுயாவில் மவுண்ட் காக்ஸ் சரிந்தது. பிட்காயின் என்ற இணைய நாணயத்தை வாங்கவும் விற்கவும் இடமான எக்ஸ்சேஞ்ச் அது; ஒரு காலத்தில் உலகின் பிட்காயின் வர்த்தகத்தில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. 2010 இல் ஜெட் மெக்காலெப் தொடங்கி, 2011 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டவரான மார்க் கார்ப்பலேஸின் கைக்கு மாறியது. 2014 பிப்ரவரி 7 அன்று பிட்காயினை வெளியே எடுக்கும் வசதி நிறுத்தப்பட்டது. டோக்கியோவில் அபூர்வமாகக் கொட்டும் கடும் பனி பெய்த நாள்கள் அவை. லண்டனிலிருந்து வந்த கொலின் பர்ஜஸ் என்பவர், எங்கள் பணம் எங்கே என்று எழுதிய அட்டையைப் பிடித்தபடி அந்தப் பனியில் நின்ற படம் உலகெங்கும் போனது. பிப்ரவரி 28 அன்று நிறுவனம் கடனைத் தீர்க்க முடியாமல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தின் பாதுகாப்பைக் கோரியது. காணாமற்போனவை சுமார் 8,50,000 பிட்காயின்கள் என்றும் அவற்றில் 7,50,000 வாடிக்கையாளர்களுடையவை என்றும் அறிவித்தது. மார்ச் 20 அன்று, பழைய வாலட் (பிட்காயின்களைச் செலவழிக்கும் ரகசியச் சாவிகள் இருக்கும் கோப்பு) ஒன்றில் 2,00,000 பிட்காயின்கள் கிடைத்ததாக இன்னோர் அறிவிப்பு வந்தது. அத்தனை பெரிய தொகையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அதை அறியாமல் ஒரு நிறுவனம் இருக்க முடியும் என்பது, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் திருட்டைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

யார் எடுத்தது என்பதே அந்த வசந்த காலம் முழுவதும் எங்கள் உணவு மேசையின் பேச்சு. எங்களில் இரண்டு பேருடைய சேமிப்பும் அதில் சிக்கியிருந்ததால் அது வெறும் அரட்டையாக இல்லை. நிறுவனம் ‘டிரான்ஸாக்ஷன் மெல்லியபிலிட்டி’ என்ற தொழில்நுட்பக் குறையைக் காரணம் காட்டியது. ஒரு பரிமாற்றம் உறுதியாவதற்கு முன் அதன் அடையாள எண்ணை வெளியார் மாற்றிவிடுவதால், அனுப்பியவர் அது போய்ச் சேரவில்லை என்று எண்ணி மறுபடியும் அனுப்பிவிடுவது அந்தக் குறை. சூரிக்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்களான கிறிஸ்டியன் டெக்கரும் ரோஜர் வாட்டன்ஹோஃபரும் சில வாரங்களிலேயே, எடுக்கும் வசதி நிறுத்தப்படுவதற்கு முன் அந்த வழியில் போயிருக்கக்கூடியது அதிகபட்சம் 386 பிட்காயின்கள்தான் என்று காட்டினார்கள். அதன் பிறகு மேசையில் இருந்த பெரும்பாலோரின் விரல் கார்ப்பலேஸை நோக்கியே நீண்டது. சாவி அவரிடம் இருந்தது, பொய்யும் சொல்லியிருக்கிறார், வேறு யார் இருக்க முடியும் என்பது வாதம். 2015 ஜனவரி 1 அன்று யோமியூரி நாளிதழ், வெளியாரின் தாக்குதலால் போனது ஒரு சதவீத அளவே என்று காவல்துறை கருதுவதாக எழுதியபோது அந்த வாதம் தீர்ப்பு போலவே ஆகிவிட்டது. மதுரைப் பையனின் விஷயத்தில் சூடுபட்ட நானும் அப்படியே நினைத்தேன். அவன் மட்டும் ஒரு நாள், “எப்ப போச்சுன்னு யாருமே கேக்கலையேக்கா” என்றான். நான் பதில் சொல்லவில்லை.

அதைக் கேட்டவர் டோக்கியோவிலேயே வசித்த ஸ்வீடன் நாட்டு மென்பொருள் பொறியாளர் கிம் நில்சன். அவருடைய பணமும் மவுண்ட் காக்ஸில் சிக்கியிருந்தது. விஸ்செக் என்ற சிறு குழுவின் பெயரில் 2015 ஏப்ரலில் அவர் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது, அது எங்கள் இரவு வேலையைப் போலவே இருந்தது. பிட்காயினின் பிளாக்செயின் எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேடு. எந்த முகவரியிலிருந்து (வங்கிக் கணக்கு எண் போன்றது) எதற்கு, எப்போது, எவ்வளவு என்பது அதில் அழியாமல் இருக்கும், ஆளின் பெயர் மட்டும் இருக்காது. எக்ஸ்சேஞ்சின் உள்பதிவேடு யார் செலுத்தினார், யார் எடுத்தார் என்று சொல்லும், ஆனால் அது வெளியே தெரியாது. நிறுவனம் சரிந்த பிறகு கசிந்த உள்பதிவுகளைப் பொதுப் பேரேட்டோடு வைத்து, எவை மவுண்ட் காக்ஸின் முகவரிகள் என்று அடையாளம் கண்டு, பேரேட்டில் வெளியேறியும் ஏட்டில் எடுப்பாகப் பதியாத தொகைகளை நாள்வாரியாக அவர் பிரித்தெடுத்தார்.

விடை பிப்ரவரி 2014 இல் இல்லை. களவு 2011 இலேயே தொடங்கிவிட்டது. வாலட்டின் ரகசியச் சாவிகள் திருடன் கைக்குப் போயிருந்தன. சிறிது சிறிதாக வடிந்து, பின்னர் கிடைத்த அந்தப் பழைய வாலட்டைத் தவிர்த்தால், 2013 நடுப்பகுதியிலேயே வாடிக்கையாளர் பிட்காயின்களில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பின் ஏழெட்டு மாதங்கள், இல்லாத சரக்கை வைத்துக்கொண்டு கடை திறந்திருந்தது. இன்னொன்றைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது: திருடன் செய்த சில பரிமாற்றங்களை மவுண்ட் காக்ஸின் மென்பொருள் வாடிக்கையாளர்களின் புதிய வரவாகப் புரிந்துகொண்டு அவர்கள் கணக்கில் சேர்த்திருந்தது. திரும்பி வந்த பணத்தைப் புதுப் பணம் என்று எண்ணிய எங்கள் நிரலின் அதே நோய்.

நில்சன் பின்தொடர்ந்த தடத்தில் திருட்டு நாணயங்களின் பெரும்பங்கு பிடிசி-இ என்ற வேறோர் எக்ஸ்சேஞ்சுக்கும் ஒரு பகுதி மவுண்ட் காக்ஸுக்கே விற்பனைக்கும் வந்திருந்தன. 2017 ஜூலையில் கிரேக்கத்தில், பிடிசி-இயை நடத்தியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் வின்னிக் கைதானார். பிடிசி-இ வழியே பணம் வெளுக்க, அதாவது களவுப் பணத்தை நேர்மையான பணம்போல் காட்ட, சதி செய்ததை 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மவுண்ட் காக்ஸின் வழங்கிக் கணினியை (சர்வர்) 2011 செப்டம்பர் வாக்கில் ஊடுருவி 6,47,000 பிட்காயின்களை வெளுத்ததாக அலெக்சி பிலியுச்சென்கோ, அலெக்சாண்டர் வெர்னர் என்ற இரு ரஷ்யர்கள் மீது அமெரிக்க நீதித்துறை 2023 ஜூனில் வெளியிட்டது குற்றச்சாட்டு மட்டுமே. ஆயினும் அந்த எண்ணைப் பார்த்ததும் 8,50,000 இலிருந்து 2,00,000 ஐக் கழித்துப் பார்க்காமல் இருக்க என் தொழில் விடவில்லை.

கார்ப்பலேஸை 2015 ஆகஸ்ட் 1 அன்று கைது செய்து ஏறக்குறைய ஓராண்டு காவலில் வைத்தார்கள். 2019 மார்ச் 15 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கையாடல் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. கணக்குத் தரவுகளைத் திரித்த குற்றம் மட்டும் உறுதியாகி, இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, நான்கு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஓட்டையை அறிந்த நாளிலேயே கடையை மூடியிருந்தால், அதன் பிறகு பணம் போட்டவர்களாவது தப்பியிருப்பார்கள். ஆனால் மறைத்ததும் திருடியதும் இரண்டு வேறு வரிகள். அவற்றை ஒரே வரியில் எழுதிவிட்டால் கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும், மெய்யான திருடனைத் தேடும் வேலையும் அத்தோடு நின்றுவிடும். நாங்கள் உணவு மேசையில் செய்தது அதுதான்.

2024 ஜூலையில் பிட்காயின்கள் வாடிக்கையாளர்களுக்குத் திரும்பக் கிடைக்கத் தொடங்கின. எங்கள் மேசையைச் சேர்ந்த இருவரில் ஒருவர், பத்து ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் தம் பங்கில் ஒரு பகுதியைப் பெற்றதாக எழுதினார். இன்னொருவர் வெகு முன்பே, பணத்தைத் திரும்பப் பெறும் தம் உரிமையை மலிவு விலைக்கு விற்றிருந்தார். மதுரைப் பையன் இப்போது வேறு நாட்டில் ஒரு குழுவை நடத்துகிறான்.

ஒரு வரி மட்டும் இன்னும் என்னைத் தொந்தரவு செய்கிறது. கார்ப்பலேஸ் நிறுவனத்தை ஏற்கும் வேளையிலேயே, 2011 மார்ச் 1 அன்று, சுமார் 80,000 பிட்காயின்கள் தனியாகத் திருடப்பட்டு ஒரே முகவரிக்குப் போயின. எடுத்தவர் பல ஆண்டுகளாக அவற்றில் ஒன்றையும் செலவழிக்கவில்லை. அந்த முகவரியை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். போன நாள், நேரம், தொகை, இப்போது இருக்கும் இடம் என்று என் பட்டியலுக்கு வேண்டிய எல்லாப் பத்திகளும் நிரம்பியிருக்கின்றன. பெயருக்கான பத்தியில் மட்டும் எழுத எதுவும் இல்லை.